மூலைக்கு மூலை

கயிறு பின்னாத கட்டில் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் கிடந்தது. நாலு கால், நாலு சட்டம், நடுவில் வெறும் மண்தரை. அப்பா குனிந்து அதன் ஒரு மூலையில் கையை வைத்துத் தள்ளினார். கட்டில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. எதிர் மூலையைப் பிடித்து இழுத்தார். நேரானது. மறுபடியும் தள்ளினார்.

அம்மா படியில் வைத்துவிட்டுப் போன கூழ் ஆறி ஆடை படிந்துவிட்டது. ஒரு காக்கை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. விரட்ட வேண்டிய நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவரை அந்தக் கட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான். தன் கூடப் பிறந்த தம்பிக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியாமல் செய்துவந்த ஒரு தப்பை, அந்தக் காலை நேரத்தில் அவர் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றி இதுவரை நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். படித்துவிட்டு ஒருவர், உங்கள் அப்பா தப்பே செய்யாதவரா என்று கேட்டு எழுதியிருந்தார். கேட்டது நியாயம். இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன். என் தப்பும் இதில் இருக்கிறது. எது பெரியது என்று படிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஏரிக்குள் ஜியாமெட்ரி

யுத்த காலம். குண்டு விழும் என்று பட்டணமே காலியாகி, விழாமல் போனதும் ஜனங்கள் மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் கொட்டகை கொட்டகையாகப் போட்டார்கள். கணக்குப் பிள்ளை வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் போதுமாம் என்று எங்கள் ஊர் அயனம்பாக்கம் வரைக்கும் பேச்சு வந்தது.

நான் தேறவில்லை. எல்லாப் பாடமும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கணக்கு ஒன்றுதான். அதிலும் கூட்டல் பெருக்கல் எல்லாம் வரும். அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும்தான் காலை வாரிவிட்டன. எனக்கு அப்போது பத்தொன்பது வயது முடிந்திருந்தது.

எனக்குத் துணையாகத் தோற்றவன் காதர். பூந்தமல்லியில் அவன் வீட்டார் தச்சுப் பட்டறை வைத்திருந்தார்கள். கட்டில், கதவு, வண்டிக்கு நுகத்தடி எல்லாம் செய்வார்கள். காதர் பகலில் இழைப்புளி தள்ளுவான். வெயில் தாழ்ந்ததும் சைக்கிளில் அயனம்பாக்கம் வந்துவிடுவான். இரண்டு பேரும் மறு வருஷம் திரும்ப எழுதுவதென்று பேசி வைத்திருந்தோம்.

எழுதிப் பார்க்கக் காகிதம் கிடையாது. யுத்தத்தில் காகிதத்துக்குப் பஞ்சம். இருக்கிற நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தாள் துணி மாதிரி ஆகிவிடும். அந்தக் கோடையில் ஏரி வற்றியது. கரையிலிருந்து இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டல் தரை, சிமெண்டு பூசினாற்போல. குச்சியால் கீறினால் கோடு அழகாக விழும். இவ்வளவு பெரிய சிலேட்டை யார் கொடுப்பார்கள்?

தினமும் சாயங்காலம் அதில் படம் போட்டோம். வட்டம் போட நடுவில் முளை அடித்துக் கயிற்றைச் சுற்றுவோம். செங்கோணம் வேண்டுமென்றால் சம தூரத்தில் பன்னிரண்டு முடிச்சு போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தோம். மூன்று, நான்கு, ஐந்து என்று மூன்று பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஒரு மூலை தானாக நேராகிவிடும். புத்தகத்தில் அரை விரல் நீளம் இருக்கும் முக்கோணம் எங்களுக்கு வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் எனக்கு ஜியாமெட்ரி புரியத் தொடங்கியது.

அல்ஜீப்ரா அப்படி இறங்கி வரவில்லை. "யாரு மாமே இந்த எக்ஸு? நாமளும் தெனம் தேடிக்கினே கீறோம், ஒரு நாளாவது அவன் நம்மளத் தேடி வரானா?" என்பான் காதர். நான் சிரிப்பேன். கொஞ்ச நாளில் சிரிக்க முடியாமல் போயிற்று.

அப்பாவின் கோல்

அப்பாவுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆறடி மூங்கில் கோல் ஒன்று வைத்திருந்தார். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். பேச்சு வார்த்தையெல்லாம் முடிந்து கோலைக் கீழே வைத்தாரென்றால் அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அவர் கணக்கு சுலபம். எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு வரப்பையும் அளந்து, கூட்டி, பாதியாக்கு. மற்ற இரண்டு வரப்பையும் அப்படியே செய். இரண்டு விடையையும் பெருக்கு. அவ்வளவுதான். சுற்று வட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் அளந்தார்கள். அப்பா அதில் ஒரு கோல்கூடத் தவற மாட்டார், யாருக்காகவும் ஒரு கோல் கூட்டியும் சொல்ல மாட்டார்.

தாத்தா செத்த பிறகு சொந்த வீட்டுப் பாகத்தையும் அவரே அளந்தார். ஏரி மதகுக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு கழனி. நடுவில் முப்பது கோல் நீளத்துக்கு ஒரு பொது வரப்பு. அதற்குக் கிழக்கே உள்ள கழனி நாற்பதுக்கு முப்பது, நாலு மூலையும் நேர். மேற்கே உள்ளதும் நாற்பதுக்கு முப்பதுதான். ஆனால் அந்த இடத்தில் கால்வாய் திரும்பிப் போகும். கழனியும் அதோடு சேர்ந்து மூலை கோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். இரண்டுக்கும் ஆயிரத்து இருநூறு சதுரக் கோல், பதினாறுக்கு ஒரு குழியாக எழுபத்தைந்து குழி, அதாவது முக்கால் காணி என்று கணக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவன் வஞ்சகம் செய்யக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி. அப்பா பங்கு வைத்தார். ஏழுமலைச் சித்தப்பா சாய்ந்த கழனியை எடுத்துக்கொண்டார். அண்ணனுக்கு முட்டிக்கால் சரியில்லை, கோணல் மூலையில் ஏர் திருப்ப அவரால் ஆகாது, நேர் கழனி அவருக்கு இருக்கட்டும் என்று சித்தப்பா சொன்னதாக அம்மா சொல்வாள்.

பட்டாவில் இரண்டையும் சேர்த்து எழுதியிருந்த அளவு எப்போதும் ஊர்க் கணக்கைவிடக் குறைவாகவே இருந்தது. சர்க்கார் அளக்கிற சங்கிலி நீளமானது, அது குறைத்துத்தான் காட்டும் என்று அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது.

ஐந்தாவது சுமை

கழனி பிரிந்தாலும் நாற்றங்கால் பிரியவில்லை. ஒரே இடத்தில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி, ஆளுக்கு ஐந்து சுமை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் கழனியில் ஐந்தாவது சுமையின் கடைசி நாற்று முடி கடைசி மூலையில் போய் முடியும். சித்தப்பா கழனியில் நாலு சுமையில் நடவு முடிந்துவிடும். ஒரு சுமை அப்படியே வரப்பில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு வருஷம் என்றால் பரவாயில்லை. வருஷா வருஷம்.

அப்பா அதற்குக் கண்டுபிடித்த காரணம் ஒன்றுதான். தம்பி சோம்பேறி, இடம் விட்டு நடுகிறான். விளைச்சலும் எங்களைவிடக் குறைவாகத்தான் வந்தது. முக்கால் காணியில் நான் இவ்வளவு எடுக்கிறேன், அதே முக்கால் காணியில் அவனால் ஏன் முடியவில்லை? இதை அவர் நடவுப் பெண்கள் முன்னால் கேட்பார். களத்தில் கேட்பார். மாரியம்மன் கோயிலில் நாலு பேர் கூடியிருக்கும்போது கேட்பார். கழனி கோணலாக இருக்கிறது அண்ணா, அதனால் இருக்கலாம் என்று சித்தப்பா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அப்பா. அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குக் காதில் கேட்கிறது.

அதற்கு மறு வருஷம் சித்தப்பா ரோஷத்தில் ஐந்து சுமையையும் நட்டார். பச்சையம்மா சித்தி, நெருக்கம் அதிகம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், விரல் வைக்க இடமில்லாமல் நட்டு முடித்தார். பயிர் காற்று போக வழியில்லாமல் மஞ்சள் பூத்தது. கதிர் பாதிக்குமேல் பதராகப் போயிற்று. அந்த வருஷம் சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது.

பிறகு அவர் நாலு சுமைக்கே திரும்பிவிட்டார். மிச்சமாகும் ஐந்தாவது சுமையைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வரப்பில் வைத்துவிட்டுப் போவார். அண்ணன் முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அப்படியே குறைந்து, கடைசியில் கல்யாணம் சாவு என்றால் மட்டும் என்று ஆயிற்று.

எக்ஸ் வந்த நாள்

ஒரு கோடை மழை எங்கள் சிலேட்டைச் சேறாக்கிவிட்டது. அன்று இணைகரத்தின் பரப்பு போட வேண்டும். நாங்கள் பாரலெலோகிராம் என்போம். எங்கே போடுவது என்று கரைமேல் நின்று யோசித்தோம். காதர்தான் கீழே கையைக் காட்டினான்.

"உங்க சித்தப்பா கழனியே பாரலெலோகிராம்தானே மாமே. அதையே போட்டுடலாம் வா."

அறுவடை முடிந்து கழனி காய்ந்து கிடந்தது. விளையாட்டாகத்தான் இறங்கினோம். புத்தகத்தில் சொன்னபடி பொது வரப்பை அடித்தளமாக வைத்துக்கொண்டோம். அது முப்பது கோல். அதிலிருந்து எதிர் வரப்புக்கு நேர் குறுக்காக எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அதுதான் குத்துயரம். முடிச்சுக் கயிற்றை விரித்துச் செங்கோணம் பிடித்து, அப்பா கோலுக்கு அளவெடுத்த நூலால் அளந்துகொண்டே போனேன்.

ஓர வரப்பு வழியாகப் போனால் நாற்பது கோல். நேர் குறுக்கே போனதில் முப்பத்திரண்டிலேயே எதிர் வரப்பு வந்துவிட்டது.

எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தேன். திரும்ப அளந்தேன். முப்பத்திரண்டு. காதர் அளந்தான். முப்பத்திரண்டு. கழனி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தோம், இருபத்து நாலு கோல். இருபத்து நாலு, முப்பத்திரண்டு, நாற்பது. மூன்றையும் எட்டால் வகுத்தால் மூன்று, நான்கு, ஐந்து. எங்கள் முடிச்சுக் கயிற்றின் அதே முக்கோணம். தப்பாக இருக்க வழியே இல்லை.

முப்பதை முப்பத்திரண்டால் பெருக்கினால் தொள்ளாயிரத்து அறுபது. எழுபத்தைந்து குழி அல்ல, அறுபது குழி. பதினைந்து குழி அந்தக் கழனியில் இல்லவே இல்லை.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். காதருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது. அப்பா எழுபத்தைந்து குழி என்று அளந்து பிரித்த கழனி இது என்று மட்டும் சொன்னேன். அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து கேட்டான்.

"நாலு வரப்பத்தான் அளந்தாரா உங்க நைனா? மூலைக்கு மூலை புடிக்கலியா? எங்க பட்டறையில நாலு சட்டத்த மட்டும் அளந்து ஒரு கட்டிலக்கூட வெளிய வுட மாட்டோம் மாமே. மூலைக்கு மூலை கயிறு புடிச்சுப் பாப்போம். ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தாத்தான் கட்டிலு."

எத்தனையோ பாகப் பிரிவினையில் அப்பாவுக்குக் கயிறு பிடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் மூலைக்கு மூலை பிடித்ததில்லை.

ஐந்தாவது சுமையின் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் குச்சியை எடுத்துத் தரையில் எழுதினான். ஆயிரத்து இருநூறு கோலுக்கு ஐந்து சுமை நாற்று என்றால், தொள்ளாயிரத்து அறுபது கோலுக்கு எக்ஸ் சுமை. எக்ஸ் என்பது நாலு. அரையும் இல்லை, காலும் இல்லை, சரியாக நாலு. சித்தப்பா ஒவ்வொரு வருஷமும் நட்ட நாலு. இடம் விட்டு அவர் ஒரு நாற்றுகூட நடவில்லை. கூடம் நிஜமாகவே கோணல்தான்.

காதர் விடை வந்த சந்தோஷத்தில் என் தோளில் தட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

என் பங்குத் தப்பு

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்பா ஊருக்கே அளந்தவர், இது வெளியே வந்தால் அவர் கோலுக்கு என்ன மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் இப்போது சொல்லிவிடுகிறேன். அதிகமாக இருந்தது எங்கள் கழனி. ஒரு நாள் அது என் கழனியாகும். இப்படி ஒரு எண்ணம் எனக்குள் ஓடியது என்பதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

புரட்டாசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. நடவு வந்தது. சித்தப்பா கழனியில் பொழுது சாய்வதற்கு முன்பே நடவு முடிந்து, வழக்கம்போல் ஒரு சுமை நாற்று வரப்பில் உட்கார்ந்திருந்தது. அப்பா எங்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தார். நடவுப் பெண்களிடம், எங்கள் ஏழுமலைக்கு மட்டும் பூமி வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே போகிறது பாருங்கள் என்றார். அவர்கள் சிரித்தார்கள். முட்டிவரை சேற்றோடு நின்ற பச்சையம்மா சித்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். சித்தப்பா சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சுமையைத் தூக்கக் குனிந்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நைனா, சித்தப்பா இடம் வுட்டு நடலை. கழனியே சின்னது. நீ அளந்ததுதான் தப்பு."

அப்பா என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் நான் தண்ணீரைப் பார்த்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வரப்பேறிப் போய்விட்டார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சித்தப்பா சுமையை எங்கள் வரப்பில் இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். எனக்காக உங்கப்பனைப் பகைத்துக்கொள்ளாதே வேலு, விட்டுவிடு என்றார். நான் சொன்னதை அவரும் நம்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுபடியும் கட்டில்

மறுநாள் காலையில் காதர் ஒரு கட்டில் சட்டத்தைச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தான். நான்தான் முதல் நாள் பூந்தமல்லி வரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆப்பெல்லாம் கழற்றி, மூட்டு தளர்ந்து ஆடுகிற சட்டமாக வேண்டும் என்று.

வாசலில் அதை நிறுத்தினோம். அளந்து பார்க்கும்படி அப்பாவிடம் கேட்டேன். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வந்தார். சாணால் அளந்தார். நீளம் ஒன்பது சாண், அகலம் ஐந்து சாண். அவர் கணக்குப்படி நாற்பத்தைந்து.

மூலையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளினேன். கட்டில் கோணியது. இப்போது அளந்து பார் என்றேன். ஒன்பது, ஐந்து, ஒன்பது, ஐந்து. இன்னும் தள்ளினேன். ஒன்பது, ஐந்து. கடைசியாக இரண்டு நீளச் சட்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மாதிரி தள்ளினேன். நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது.

"இப்பவும் ஒம்பதுக்கு அஞ்சுதான் நைனா. உன் கணக்குல நாப்பத்தஞ்சுதான். இதுல யாரு படுக்கறது?"

அப்பா என்னை விலக்கிவிட்டுத் தானே குனிந்தார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். தள்ளினார், இழுத்தார், மறுபடி தள்ளினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காக்கை கூழில் மூக்கை வைத்தது. காதர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான்.

பிறகு அப்பா கோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கழனிக்குப் போனார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். சித்தப்பா கழனியின் ஒரு மூலையில் இறங்கி, புதிதாக நட்ட நாற்றை மிதிக்காமல், வரிசைக்கு நடுவே காலை வைத்து எதிர் மூலைக்குக் கோலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். அறுபத்திரண்டே முக்கால் கோல். மற்ற மூலைக்கு மூலை முப்பத்திரண்டரை. நேரான கழனியில் இரண்டும் ஐம்பதாக இருந்திருக்க வேண்டும். முட்டிக்கால் வலியோடு அவர் அதை இரண்டாம் தடவையும் அளந்தார்.

நாலு கோல்

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பல வருஷமாக அவர் மிதிக்காத வாசல் அது. கால் முழுக்கச் சேறு. உள்ளே வரச் சொல்லியும் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"ஏழுமல, உன் கழனி அறுவது குழிதான். நான் தப்பா அளந்துட்டேன்."

சித்தப்பா கையில் ஒரு களைக்கொட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டது எங்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி.

"அப்போ நான் ஒழுங்காத்தான் நட்டேனாண்ணா?"

"ஒழுங்காத்தான் நட்டே."

"நானே என்னைச் சோம்பேறின்னு நம்பிட்டேண்ணா" என்றார் சித்தப்பா.

அதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். ஒரு சேதி சொல்கிற மாதிரி சொன்னார். பச்சையம்மா சித்தி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். பதினைந்து வருஷமாக இந்த மனுஷன் விடிவதற்கு முன்னால் எழுந்து போகிறார் மாமா, அப்படியும் போதவில்லை என்று என்னிடம் வருத்தப்படுவார், நானும் இன்னும் கொஞ்சம் உழைத்தால்தான் என்ன என்று கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பா அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், முட்டி வலிக்கிறது என்றார்.

நட்ட பயிர் இருக்கும்போது வரப்பை மாற்ற முடியாது. தை அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தார்கள். மாசியில் ஒரு நாள் அப்பா என்னையும் காதரையும் கழனிக்குக் கூப்பிட்டார். பொது வரப்பு எங்கள் பக்கம் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று கேட்டார். அவர் எங்களிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

காதர் தரையில் எழுதினான். எங்கள் ஆயிரத்து இருநூறில் எக்ஸைக் கழிக்க வேண்டும், சித்தப்பாவின் தொள்ளாயிரத்து அறுபதில் அதே எக்ஸைக் கூட்ட வேண்டும், இரண்டும் சமமாக வர வேண்டும். எக்ஸ் என்பது நூற்றிருபது. வரப்பு முப்பது கோல் நீளம். ஆகவே நாலு கோல் உள்ளே வர வேண்டும். அப்பா நாலு தடவை கோலைப் போட்டு முளை அடித்தார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. பழைய வரப்பை வெட்டி எடுத்து, புது வரப்பை அவரே போட்டார். சித்தப்பா மண்வெட்டியோடு வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அப்பா பிரித்துக் கொடுத்த கோணல் கழனிகள் ஊரில் இன்னும் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொரு வீடாகப் போய், என் அளவு தப்பு என்று சொன்னார். மூன்று வீட்டில் வரப்பு மாறியது. சிலர் நட்டது நட்டபடி இருக்கட்டும் என்றார்கள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் கைகலந்து, தம்பிக்கு மண்டை உடைந்தது. உன் மகன் படிப்பு எங்கள் குடியைக் கெடுத்தது என்று அந்த வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பித்தளைப் பூண் போட்ட கோல் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அவரைப் பந்தலுக்குக் காலாக நின்றது.

பங்குனியில் காதரும் நானும் பரீட்சை எழுதினோம். இரண்டு பேரும் தேறினோம். ஆவடி வேலையும் கிடைத்தது. அந்தக் கதையை வேறு ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். அடுத்த நடவு நாளுக்கு நான் லீவு எடுத்துக்கொண்டு ஊரில் இருந்தேன்.

இப்போது இரண்டு கழனியும் ஒரே அளவு. ஆளுக்கு நாலரைச் சுமை நாற்று போதும். அப்பாவுக்கு அது தெரியும், நானே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தேன். ஆனால் அவர் நாற்றங்காலில் நின்று, வழக்கம்போல் ஆளுக்கு ஐந்து சுமை பிடுங்கச் சொன்னார். மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நடவு முடிந்தது. சித்தப்பா வரப்பில் அரைச் சுமை மிச்சம். எங்கள் வரப்பிலும் அரைச் சுமை மிச்சம். அப்பா சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த அரைச் சுமையைத் தூக்கி வைத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே புது வரப்பு வழியாக நடந்துபோய்த் தம்பி வரப்பில் இறக்கினார். நடவுப் பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இந்த வருசம் நானும் எடம் வுட்டுத்தான் நட்டுக்கீறேன்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். பிறகு கால்வாயில் இறங்கி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து கை கழுவத் தொடங்கினார். சேறு எப்போதோ போய்விட்டது. பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு கரையேறிப் போகும் வரைக்கும் அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார்.